உங்களுக்காவது வந்துச்சே

பக்கவாதத்தில் விழுந்தவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரின் மனநிலையை ஆராய்ந்துகொண்டிருந்தாள் அவள்; முனைவர் பட்டம் பெற்றவள். அதற்காக ஒரு தையல்கார அம்மாளைப் பேட்டி கண்டாள். அந்த அம்மாளின் கணவர் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். இப்போது கட்டிலே கதி.

"வாங்க, ஊசி போடாத டாக்டர்!" என்று வரவேற்ற அந்த அம்மாள், கடைசிவரை சிரித்த முகமாகவே பேசினாள். "எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. அவரு குழந்தை மாதிரி. குழந்தைகிட்ட யாராச்சும் கோச்சுக்குவாங்களா?"

வெளியே வந்த ஆய்வாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்று புரியவில்லை. செருப்பு வாரை மாட்டும்போதுகூடப் பல்லைக் கடித்தாள்.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். "ஆராய்ச்சியில உங்க கோபத்துக்கு என்ன வேலை? அதைத் தூக்கிக் கடாசுங்க."

அவளுக்கு மனசு ஆறவில்லை. மறுபடி போனாள்.

"அக்கா, போன தடவை இங்கேருந்து போனதும் எனக்குக் கோபமா வந்துச்சு. யார் மேலன்னு தெரியல. உங்களுக்கு அப்படி ஏதாவது வருமா?"

துணியை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அந்த அம்மாள் எழுந்துபோய்க் கணவரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்களுக்காவது வந்துச்சே," என்றாள். "நல்லா இருந்தப்ப அந்த மனுஷன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்ததில்ல. இப்போ வாயைத் துடைச்சு விடுறேன். பாவமாவும் இருக்கு, ஆத்திரமாவும் இருக்கு. வர்றவங்க எல்லாம் நான் தெய்வம்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காதா?"

ஆய்வாளருக்குக் கண் கலங்கியது. "ரெக்கார்டரை நிறுத்திடவா அக்கா?"

"வேணாம். ஓடட்டும்."

கட்டுரையில் தன் கோபத்தையும் சேர்த்தே எழுதினாள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த அம்மாளிடம் படித்துக் காட்டினாள்.

"எனக்கு மனச்சோர்வுன்னு போட்டிருக்கீங்களே, அது எதுக்கு? கோபம்னே போடுங்க."

போட்டாள்.

அந்த வாரமே அந்த அம்மாள் கொழுந்தனாருக்கு போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை உங்க அண்ணனை நீங்க பாத்துக்கணும். என்னால முடியல." அவர் முதலில் இழுத்தார்; ஆனால் வந்தார். அன்று அவள் எங்கும் போகவில்லை. பக்கத்து அறையில் பாயை விரித்து, சாயங்காலம்வரை தூங்கினாள்.