மறுகுரல்

பின்பனி விடைகொள்ள மனமின்றி நின்ற காலம் அது. டிட்ராய்ட் ஆற்றின்மேல் உறைந்த பாளங்கள் பகலில் ஒன்றோடொன்று உரசிப் பெருமூச்செறிந்தன; இரவில் மீண்டும் இறுகி வாய்மூடின. தெருவோரத்துப் பனி தன் வெண்மையை என்றோ இழந்து, உப்பும் கரியும் கலந்து, அவிந்த அடுப்பின் சாம்பல்போல் குவிந்து கிடந்தது. கேட்டது கிடைக்காத இரவலர் போல மரங்கள் வெறுங்கையை வானுக்கு நீட்டி நின்றன. மண் கல்லாய் இறுகியிருந்ததால் குழி தோண்டுவதற்கும் இயந்திரம் வரவேண்டும். ஆயினும் ஊரின் முதியோர் அந்த மாதங்களைத்தான் தேர்ந்துகொண்டு இறந்தார்கள். அவ்வாறு இறந்தவருள் ஒருவர் ஹாஸ்கெல் டன்மோர்.

அவருடைய இறுதி ஆராதனைக்காகப் பாடகர் அறையில் அங்கி அணிந்துகொண்டிருந்தாள் ஆர்லீதா. எழுபதைக் கடந்த விரல்கள் கழுத்துக் கொக்கியைக் கண்டுபிடிக்காமல் தடுமாறின. அரை நூற்றாண்டாக அவளுக்குப் பக்கத்தில் நின்று பாடும் ஜூவெல் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“விடுடி, நான் மாட்டுறேன். நீ நடுங்குறதப் பாத்தா மாப்பிள்ளை வந்திருக்கான்னு நெனச்சுக்குவாங்க.”

“வந்திருக்கானே. பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டு.”

ஜூவெல் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைப் பார்த்தாள். பார்த்தது நல்லதாயிற்று, இறந்தவரின் மகள் ஷரீஸ் கருப்புத் தொப்பியும் வீங்கிய கண்களுமாக உள்ளே வந்தாள்.

“அத்தை, அப்பா கடைசியாக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பாட்டுல உங்க எடம் வரும்போது நீங்கதான் பதில் சொல்லணுமாம். அந்தச் சத்தம் கேக்காம என்னை மண்ணுல போடாதீங்கன்னாரு.”

“உங்கப்பா கேட்டு இல்லேன்னு சொன்னவங்க இந்த ஊர்ல யாரு?” என்றாள் ஜூவெல்.

ஆர்லீதா ஷரீஸின் கன்னத்தைத் தொட்டு, “நீ போ கண்ணு. பாத்துக்கலாம்” என்றாள். ஆனால் முடிவை அவள் மூன்று நாட்களுக்கு முன்பே, சாவுச் செய்தி வந்த கணத்திலேயே எடுத்திருந்தாள். இன்று ஒரு நாளாவது அந்தக் கேள்விக்கு மறுமொழி வரக்கூடாது.

கேள்வி எளியது. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில், போருக்கு எதிராகப் பிறந்த பாட்டு அது. முன்பாடகன் மூன்று முறை கேட்பான்: ‘என் பிள்ளையை யார் வீடு சேர்ப்பார்?’ மூன்றாம் முறை, இசையெல்லாம் அடங்கியபின், ஒரு பெண்குரல் மட்டும் எழும்: ‘ஒருவருமில்லை.’ அந்த ‘இல்லை’ நடுவில் உடையும். உடைந்த இடத்தில் ஒரு மூச்சு, பிறகு மிச்சம். அவ்வளவுதான் ஆர்லீதாவின் பங்கு. இசைத்தட்டின் உறையில் அவள் பெயர்கூட இல்லை. ஆனால் அந்த உடைவுக்காகவே உலகம் அதை வாங்கியது.

மாணவர்கள் அதைப் பாடிக்கொண்டு தடியடி வாங்கினார்கள். போரிலிருந்து ஒரு காலோடு திரும்பிய ஒருவன் சபை வாசலில் அவள் உள்ளங்கையில் முகம் புதைத்து அழுதான். அதை அவள் ஒருநாளும் வெறுத்ததில்லை. பின்னர் போர் முடிந்தது, பாட்டு முடியவில்லை. கால்பந்து மைதானத்தில் எதிரணி பந்தைத் தவறவிட்டால் அரங்கமே ‘இல்… லை’ என்று உடைந்து காட்டிக் கெக்கலித்தது. டயர் விளம்பரத்தில், எங்களை மிஞ்ச யாருண்டு என்ற கேள்விக்கு அவள் குரல் பதில் சொன்னது. திருமண விருந்துகளில் மணப்பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதைக் கத்தினார்கள். ஒருமுறை கடைவளாகத்தில், படைக்கு ஆள் சேர்க்கும் மேசையின் ஒலிபெருக்கியிலிருந்தே அது வந்தது. கேள்வியை வெட்டியிருந்தார்கள். பதில் மட்டும் தாளத்தோடு சுழன்றது. காய்கறிப் பையோடு அவள் அதைக் கேட்டு நின்றாள்.

அந்த உடைவு எப்படி வந்ததென்பதும் ஊருக்குத் தெரியும். பாட்டைப் பதிவு செய்த ஹாஸ்கெலே சொல்லித் திரிந்தார். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பிற்பகல் முழுவதும் ஒலிப்பதிவுக் கூடத்தில், “என்ன பொண்ணே, கடையில சோடா கேக்குற மாதிரிப் பாடுற?” என்று அவளை வதைத்துக்கொண்டிருந்தார். காலையிலேயே அவள் தாய் அங்கே அழைத்திருந்தாள். வாசலில் படையதிகாரிகள் இருவர் வந்து நின்றதைச் சொல்லியிருந்தாள். தொலைபேசியை எடுத்தவர் ஹாஸ்கெல். செய்தியைப் பகல் முழுதும் சட்டைப்பையில் வைத்திருப்பவர்போல் வைத்திருந்தார். பதிவு நாடா ஓடிக்கொண்டிருக்கையில், மூன்றாம் கேள்வி வருமுன், ஓசையின்றி உள்ளே வந்து அவள் இடக்காதை மூடிய காதொலிப்பானை மெல்ல விலக்கிக் குனிந்தார்.

“வெண்டெல் செத்துட்டான்.”

சொல்லிவிட்டு, பாடு என்பதற்கான விரலை உயர்த்தினார். அவள் பாடினாள்.

பிறகு தம் காரிலேயே அவளை வீட்டில் விட்டார்; வழியெல்லாம் விசிலடித்தார். வீட்டில் தாய் தரையில் புரண்டுகொண்டிருந்தாள். “அண்ணனுக்கு ஒரு சொட்டு வரலியாடி உனக்கு? கல்லா நீ?” என்று கேட்டாள். ஆர்லீதாவுக்கு வரவில்லை. அன்றும் வரவில்லை, பின்னொரு நாளும் வரவில்லை. அண்ணனுக்கென்று அவளிடம் இருந்தது ஒரே ஓர் அழுகை. அது நாடாவில் இருந்தது.

சபை நிறைந்திருந்தது. வெண்கையுறை அணிந்த பணிப்பெண்கள் விசிறி வழங்கினார்கள். கீழ்த்தளத்திலிருந்து பொரித்த கோழியின் மணம் மேலேறி வந்தது. போதகர் இளையவர், நல்ல குரல் வளமுள்ளவர். முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தக் கதைக்கே வந்தார்.

“அண்ணன் செத்த சேதிய அந்தப் பொண்ணு காதுல சொன்னாரு நம்ம ஹாஸ்கெல் ஐயா. கொடுமைன்னு சொல்வீங்களா?”

“சொல்லுங்க ஐயா!” என்றது சபை.

“நானும் சொல்வேன்! ஆனா கர்த்தர் ஒரு கண்ணீரையும் வீணாக்குறதில்ல! அந்த ஒரு சத்தத்த வெச்சு ஒலகத்தையே அழவெச்சாரு!”

“ஆமென்!”

வெண்டெல் என்ற பெயரை இப்போதாவது சொல்வார் என்று ஆர்லீதா காத்திருந்தாள். அண்ணன் என்றே சொல்லி முடித்தார்.

பாட்டு தொடங்கிற்று. முன்வரிசை இளைஞன் ஒருவன் கேட்டான், மறுபடி கேட்டான். ஆர்கன் அடங்கியது. மூன்றாம் கேள்வி கூரைவரை ஏறி நின்றது. ஷரீஸ் இரு கைகளையும் கூப்பி அவளைப் பார்த்தாள். ஆர்லீதா உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

மறுகுரல் இல்லாத அழைப்பை அந்தச் சபை அறியாது. போதகர் பாதிச் சொல்லில் இருமினாலும் மீதியைச் சபை சொல்லும். அழைத்தவனைத் தனியே நிறுத்துவது அவர்களுக்குப் பாவத்தினும் பெரிது. அதனால்தான் அவள் அதைத் தேர்ந்திருந்தாள். அந்த மௌனத்தில் வெண்டெல் வந்து சற்று நிற்கலாம். ஒரு மூச்சுநேரம் இவர்கள் எல்லோரும் அவனை இல்லாதவனாக உணரலாம்.

ஒரு மூச்சுநேரம் வாய்த்தது. பிறகு பின்வரிசையில், தாயின் மடியில் ரோஜாநிற மேலங்கியோடு இருந்த சிறுமி ஒருத்தி, பிசகில்லாத சுருதியில் எடுத்தாள்:

‘ஒருவருமில்… லை.’

சரியான இடத்தில் உடைந்தது. யாரோ சிரித்தார்கள். யாரோ, “அப்பிடிப் போடு பாப்பா!” என்றார்கள். அடுத்த நொடி சபை முழுவதும் எழுந்து நின்று, கைபேசிகளை உயர்த்தி, ஒரே குரலாய், ஒரே இடத்தில் உடைந்தது. மறுபடி கேட்டார்கள், மறுபடி உடைந்தார்கள். ஷரீஸ் ஓடிவந்து அவளைத் தழுவிக்கொண்டாள். “அத்தை, பாத்தீங்களா! வேணும்னுதான எங்களுக்கு விட்டுக்குடுத்தீங்க? ஒங்க குரல் எல்லாருக்கிட்டயும் இருக்கு!”

ஆர்லீதா பக்கத்தில் திரும்பினாள். ஜூவெல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“நீயுமாடி?”

“தானா வந்துட்டுதுடி,” என்றாள் ஜூவெல், தரையைப் பார்த்து. “சத்தியமா, தானா வந்துட்டுது.”

கடைசியாக முகம்பார்க்க வரிசை நகர்ந்தது. எல்லோரும் கண்டு, கீழே விருந்துக்கு இறங்கியபின், ஆர்லீதா வந்தாள். சவப்பெட்டிக்காரர் மூடியில் கைவைத்து நின்றார்.

“ஒரு நிமிஷம் தம்பி.”

“எடுத்துக்கங்கம்மா.”

பெட்டியின் அருகே அவள் முழந்தாளிட்டாள். முட்டி நொடித்த ஓசை காலியான கூடத்தில் கேட்டது. கண்களை மூடி, பழைய கீர்த்தனை ஒன்றை வாய்க்குள் முனகினாள். மேல்சுரத்தை அல்ல, ஞாயிறுகளில் வெண்டெல் நின்று பாடும் கீழ்ச்சுரத்தை. சொற்கள் இல்லை, எந்த இடத்திலும் குரல் உடையவில்லை. அவன் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள்.

பின் பெட்டியின் விளிம்பைப் பற்றி எழுந்தாள். ஹாஸ்கெலின் இடக்காதின்மேல் சரிந்திருந்த நரைமயிரை ஒற்றை விரலால் மெல்ல விலக்கினாள். குனிந்தாள்.

“ஹாஸ்கெல், நீ ஆசைப்பட்ட சத்தம் நித்தியத்துக்கும் உனக்குக் கேக்கட்டும். கர்த்தர் உன் காத ஒருநாளும் மூடாம காக்கட்டும்.”

சவப்பெட்டிக்காரர் செவியில் அது ஆசீர்வாதமாகவே விழுந்தது. தலையைத் தாழ்த்தி, பழக்கம் மாறாமல், “ஆமென்” என்றார்.