தப்பான பதில்களின் சொந்தக்காரர்கள்

கணக்கு டீச்சருக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. அதனால் ஆசிரியர்களுக்கும் தகுதித் தேர்வு என்று உத்தரவு வந்தபோது மற்றவர்களைப் போல அவர் மூக்கால் அழவில்லை.

"வைக்கட்டுமே! வருஷம் பூரா பிள்ளைங்களுக்குப் பரீட்சை வெச்சுட்டு, நமக்குன்னு வந்தா மட்டும் கசக்குதா?" என்றார்.

அப்படிச் சொன்னவரே முதல் தடவை நேரம் போதாமல் கோட்டை விட்டார். இது இரண்டாவது தடவை, கடைசி வாய்ப்பு. தேறாவிட்டால் இனி வகுப்பு கிடையாது. அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்புகளுக்கு நூல் கட்ட வேண்டியதுதான். போன வருஷமே தேறி டீச்சராகிவிட்ட மகள், மேஜையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அம்மாவை விரட்டினாள்.

"நாலு பதில்ல சரியானதைக் கருப்பாக்கிட்டு ஓடிக்கிட்டே இரும்மா. மத்த மூணும் உனக்கெதுக்கு?"

"சரிங்க டீச்சர்," என்றார் அம்மா, நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு.

தேர்வு அறையில் பார்த்தால், மற்ற மூன்றும்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்தன. அரையும் காலும் சேர்ந்தால் முக்கால். அதற்குக் கீழே 'ஆறில் இரண்டு' என்று ஒரு பதில். அடடா, இது நம் வகுப்புப் பம்பரத்தின் பதிலல்லவா! பெஞ்சில் ஒரு நிமிஷம் உட்காராத பயல். "மேலயும் கூட்டினேன், கீழயும் கூட்டினேன், என்ன டீச்சர் தப்பு?" என்று சண்டைக்கு வந்தவன், காகிதத்தை மடித்துப் பார்த்ததும் கண்ணை விரித்தான். "பாதியை விடக் கம்மியாயிடுச்சே! கூட்டினா குறையுமா?"

அடுத்த கேள்வியில் வாயாடி வந்து நின்றாள். புள்ளி ஐந்தை விடப் புள்ளி முப்பத்தைந்து பெரியது என்று ஒரு வாரம் அடம்பிடித்தவள். தன்னை மறந்து டீச்சர் சிரித்துவிட்டார். மேற்பார்வையாளர் முறைத்தார். வேலிக் கணக்கு வந்தபோது பேனா நின்றே போயிற்று. மணி அடித்தபோது கடைசிப் பக்கம் அப்படியே வெள்ளையாக இருந்தது.

இரண்டே மதிப்பெண்ணில் போயிற்று. முடிவைப் பார்த்த மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அப்படி எந்தக் கேள்வியிலம்மா உட்கார்ந்துட்டே?"

"வேலி. நீளம் ஆறு மீட்டர், அகலம் நாலு. சுத்தி வேலி போட எத்தனை மீட்டர் கம்பி வேணும்?"

"இருபது," என்றாள் மகள் வெடுக்கென்று.

"இருபதுதான். பக்கத்துலயே இருபத்திநாலும் இருந்துச்சு."

நாலாம் வகுப்பில் அம்மாவிடமே படித்தபோது மகள் போட்ட பதில் அது. அன்றைக்கு டீச்சர் வகுப்பையே மைதானத்துக்கு ஓட்டிப்போய், தரையில் செவ்வகமாகக் கயிறு போட்டு, அதன்மேல் மகளை நடக்கவிட்டார். பாதி வழியில், வகுப்பில் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதையே மறந்து அவள் கத்தினாள்: "அம்மா! நான் வேலியே போடலை, உள்ளே பூரா புல்லு நட்டுட்டேன்!" மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சருக்குப் பெற்ற வயிறு குளிர்ந்த நாள் அது. இனி அப்படி ஒரு மைதானம் அவருக்கு இல்லை.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அந்த இருபத்திநாலுல நீயே நிக்கிறே," என்றார் டீச்சர். "என்னை எங்கேடி ஓடச் சொல்றே?"