பக்கிரியின் கைராசி

மந்தைவெளி பக்கிரிக்கு அன்று வயர்மேன் பரீட்சை. பத்து வருஷமாக மயிலாப்பூர் வீடுகளுக்கு மின்சாரக் கம்பி இழுத்தவன்தான். ஆனால் அந்த 1936-இல், சர்ட்டிபிகேட் இல்லாத வயர்மேன் இனி வேண்டாம் என்று முதலாளி கங்காதரன் கறாராகச் சொல்லிவிட்டார். சர்ட்டிபிகேட் ஒரு சாக்குதான். இரண்டு வருஷத்துக்கு முன் கோபாலபுரத்துப் பங்களா ஒன்றில், சீமந்தத்தன்று பக்கிரி சுவிட்சைப் போட்டதும் கூடத்து பல்பு பட்டென்று போயிற்று. "கைராசி கெட்டவனை இனிமே அனுப்பாதீங்கோ" என்றாள் வீட்டம்மாள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு வீடுகளில் அதே கதை. அன்றிலிருந்து வேலையெல்லாம் பக்கிரி செய்வான். முதல் சுவிட்சைப் போட மட்டும் வேறு ஆள் வருவான். பாவி மனுஷன், தன் கைராசி கெட்டதென்று பக்கிரியும் நம்பிவிட்டான்.

கிண்டியில் பரீட்சை. மேஜைமேல் ஒரு பல்பு, வோல்ட் மீட்டர், ஆம்பியர் மீட்டர், வோல்டைக் கூட்டிக் குறைக்க ஒரு பிடி. மூன்று தடவை அளக்க வேண்டும். வோல்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. இரண்டையும் பெருக்கினால் சக்தி.

இருநூறு வோல்டில் முள் கால் ஆம்பியர் காட்டியது. தடை எண்ணூறு ஓம், சக்தி ஐம்பது வாட். அப்பாடா என்றிருந்தது. பிடியை நூறு வோல்டுக்கு இறக்கினான். வோல்ட் பாதியானால் ஆம்பியரும் பாதியாக வேண்டாமா? 0.125 வரவேண்டிய இடத்தில் முள் 0.17-இல் நின்றது. தடை ஐந்நூற்று எண்பத்தெட்டு. ஐம்பது வோல்டில் இன்னும் மோசம், நானூற்றுச் சொச்சம்.

அவனுக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. ஒரே பல்புக்கு மூன்று தடையா? கம்பிகளை அவிழ்த்து மறுபடி முறுக்கினான். முள் மசியவில்லை. 'எல்லாம் இந்தப் பாழாய்ப்போன கைதான்' என்று நினைத்துக்கொண்டான். வேலை போய்விட்டால் பெண்டாட்டி தேவானையின் முகத்தில் எப்படி விழிப்பது?

"இன்னா நைனா, ஒத்து வரலியா?" என்று பக்கத்து மேஜை சுப்புராயன் கிசுகிசுத்தான். "எண்ணூறு வர்ற மாதிரி மாத்தி எய்திக்கினு போ. நான் அப்டித்தான் எய்தினேன்."

பக்கிரி ரப்பரை எடுத்து 0.17-ஐ அழித்தான். 0.125 என்று எழுத மட்டும் கை வரவில்லை. பழக்கதோஷத்தில் பல்பைத் தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் இருநூறு வோல்டில் தொட்டபோது விரலைச் சுட்ட பல்பு!

சூடு ஏறினால் தடை ஏறுகிறது. ஆறியிருந்தால் தடை குறைவு. கரண்ட் மடமடவென்று பாயும். அப்படியென்றால் சுவிட்சைப் போடுகிற அந்த நொடியில்... பல்பு ஆறித்தானே கிடக்கிறது! நைந்த பல்பு அப்போதுதான் போகும், யார் கை போட்டாலும்.

அழித்த இடத்திலேயே 0.17 என்று அழுத்தி எழுதினான்.

பரீட்சை அதிகாரி அனந்தராமன் தாளை எடுத்தார். "ஏம்ப்பா, அழிச்சுட்டு அதையே எழுதியிருக்கே?"

"பயந்துட்டேன் சார். என் கையாலதான் இப்டி ஆவுதுன்னு நெனச்சேன். கை இல்ல சார், சூடு."

அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கீழே 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. "அந்த லைட்டைப் போடு" என்றார்.

இரண்டு வருஷமாக யாரும் அவனிடம் சொல்லாத வார்த்தை. பக்கிரி சுவிட்சைப் போட்டான். பட்டென்று பல்பு போயிற்று.

அவனுக்கு உயிரே போய்விட்டது.

அனந்தராமன் தாளிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "பழைய பல்பு. வேற மாட்டு."

பக்கிரி ஸ்டூலில் ஏறினான். கண்ணீர் கண்ணை மறைத்ததால் புது பல்பை மாட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது.