கதிர்வேல் வீட்டை இழுத்த படகு மோட்டார்

1994 மார்கழிக் கடைசியில், கணபதி என்கிற எங்கள் ஊரில் கதிர்வேலின் ஓட்டு வீடு கிழக்கே ஒரு மனை தள்ளிப் போய் நின்றது. அன்றைக்குத் தக்காளி விலைகூட ஏறவில்லை, சாதாரண ஞாயிற்றுக்கிழமைதான்.

எல்லாம் கல்யாணத்தில் ஆரம்பித்தது. பம்ப்செட் பழுது பார்க்கிற கதிர்வேலும், பட்டறை முதலாளி காளிச்சாமியின் மகள் நந்திதாவும் கட்டினால் ஒருவரையொருவர்தான் கட்டுவது என்றிருந்தார்கள். தெருவுக்கே தெரிந்ததைக் காளிச்சாமி கடைசியாகத் தெரிந்துகொண்டார். மாப்பிள்ளையில் அவருக்குக் குறையில்லை. வீடுதான் தெருக்குத்து, எதிர்ச்சந்து நேராக வந்து வாசலில் முட்டியது. வாஸ்து பார்க்காமல் வாட்ச்கூடக் கட்டாத மனிதர் அவர். "அந்த ஊட்டுக்கு எம் புள்ளய அனுப்ப மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, தையில் முடித்துவிடலாமென்று காரமடையில் வேறு இடம் பேச ஆரம்பித்தார்.

மனம் நொந்தவர்கள் தாடி வளர்ப்பார்கள். கதிர்வேல் கொச்சிக்குப் போய் ஒரு பழைய படகு மோட்டாரை வாங்கிவந்தான். சிங்காநல்லூர் குளத்தில் படகு விடப்போகிறானாம். கயிற்றை இழுத்தால் மோட்டார் உடனே கிளம்பும். மெதுவாக ஓடுகிறவரை தங்கம். ஆக்சிலேட்டரை முறுக்கினால் மட்டும் இருமி, விக்கி, அணைந்துபோகும். வாத்துகள் படகை முந்திப் போயின. பிளக்கை மாற்றச் சொன்னார்கள், மாற்றினான். கார்புரேட்டரைக் கழற்றி ஊதச் சொன்னார்கள், ஊதினான். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளையைக்கூடக் குத்திப் பார்த்தான். கடைசியில் வீட்டின் மேற்குச் சுவரோடு சேர்த்துக் கட்டிய சிமெண்ட் தொட்டியை நிரப்பி, மோட்டாரை அதன் விளிம்பில் மாட்டிவிட்டு, கூட்டாளி கரீமைக் கூப்பிட்டான்.

கரீம் பெட்ரோல் பம்பைப் பிரித்தான். உள்ளேயிருந்த ரப்பர் சவ்வு காய்ந்த அப்பளம் மாதிரி விறைத்திருந்தது.

"மெல்ல ஓடறப்ப இது குடுக்கற பெட்ரோலு போதும். முறுக்குனா பாவம், எங்கிருந்து குடுக்கும்?" என்றவன், புதுச் சவ்வு வெட்டிப் போட்டான். "இப்ப முறுக்குடா. கஞ்சத்தனம் பண்ணாத."

கதிர்வேல் முறுக்கினான். வீடு கிளம்பியது.

மின்கம்பி ஜவ்வாக நீண்டு கொடுத்தது. ஓடு ஒன்றுகூட நகரவில்லை. உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்த அவன் அம்மா நஞ்சம்மாள், "கண்ணு, மெதுவா முறுக்கு. மாவு ஒரு பக்கமா ஓடுது" என்றாள். பக்கத்துக் காலி மனையின் நடுவில் போய், வாசலைக் கிழக்கே திருப்பிக்கொண்டு, வீடு அலுங்காமல் நின்றது. அந்த மனை, காளிச்சாமி வாஸ்துக்காரரை வைத்து எட்டுத் திசையும் அளந்து பார்த்து நந்திதா பேரில் வாங்கிப் போட்டது.

காளிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் வந்தார்.

"வாங்க சம்மந்தி" என்றாள் நஞ்சம்மாள்.

"யாருக்கு யாருங்க சம்மந்தி? எம் மனைல உங்க ஊடு எதுக்குங்க நிக்குது?"

"உங்க புள்ள மனைங்க இது. அம்மணி போகச் சொன்னா இப்பவே போயிர்றோம். தோசை ஆறுது, உக்காருங்."

அப்பாவின் பின்னாலேயே வந்திருந்த நந்திதா வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனாள்.

ஏதாவது குற்றம் கிடைக்குமென்று காளிச்சாமி தம் வாஸ்துக்காரரை அழைத்துவந்தார். அவர் திசைகாட்டியோடு இரண்டு சுற்றுச் சுற்றினார். வாசல் நேர்கிழக்கு, எதிரே சந்து பொந்து எதுவுமில்லை, அடுப்படி அக்கினி மூலையில் அச்சாக உட்கார்ந்திருந்தது. அவரே நல்ல மனை என்று சொன்ன இடம். இனி எந்த வாயால் மாற்றிச் சொல்வார்? தையிலேயே கல்யாணம் நடந்தது. பாயசத்தில் முந்திரி குறைவு என்பதைத் தவிர எங்கள் தெருவில் யாருக்கும் வேறு வருத்தமில்லை.

கதிர்வேல் குளத்துப் படகைத் துடுப்புப் போட்டே ஓட்டுகிறான். மோட்டாரைத் தொட்டியிலிருந்து கழற்ற நந்திதா விடவில்லை. ஆனியில் பாலக்காட்டுக் காற்று வந்ததும் இருவரும் வீட்டை மேற்கே திருப்பிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். தெருமுனையில் காளிச்சாமியின் புல்லட் சத்தம் கேட்டால் மட்டும் நந்திதா எழுந்து போய் ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குவாள். அவர் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுவதற்குள் வாசல் நேர்கிழக்கில் இருக்கும்.