இரண்டாம் மாடிச் சிங்கம்

அஞ்சி ஒடுங்கும் ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் ஒரு சிங்கம் உறங்குகிறது. அதைத் தட்டி எழுப்புவதே தற்காப்புக் கலையின் தலையாய கடமை. சலவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் கராத்தே சொல்லித்தரும் மாஸ்டர் இதை வாசலில் முழ நீள எழுத்தில் எழுதி வைத்திருந்தார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிங்கத்தை எழுப்புவதற்கு முன், கதவைத் தட்டி மாஸ்டரை எழுப்ப வேண்டியிருந்தது.

தட்டியவள் அச்சகத்தில் கணினி வடிவமைப்பு வேலை பார்ப்பவள். ஒரு கையில் ஒன்பது வயது மகள், மறு கையில் காலி டிபன் டப்பா. ஆறு மாதமாக, வாரத்துக்கு இரண்டு தடவை, நாற்பத்திரண்டு படி. மகள் இன்னும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறாள். "நிமிர்ந்து ஏறுடி, எதுக்கு இங்க வர்றோம்?" என்று படிக்குப் படி சொல்லி அம்மாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. கலை இதுவரை அவளுக்குத் தந்தது முழங்கால் வலி.

படிக்கட்டின் திருப்பத்தில் இருந்த சுவரொட்டிதான் ஒரே ஆறுதல். அது அவள் கைவேலை. மாஸ்டர் அனுப்பிய படத்தில் இருந்த பையனின் மூக்குப் பருவை அழித்து, மோவாயை லேசாகத் தூக்கி, பின்னால் ஒரு சூரியனையும் உதிக்க வைத்திருந்தாள். நம் பிள்ளையும் ஒரு நாள் இப்படி நிற்பாள் என்ற நப்பாசை.

மாஸ்டர் கறுப்பு பெல்ட்டை முடிந்துகொண்டே வந்தார். "என்னம்மா, காலங்காத்தால?"

"வேன்ல பின் சீட்டுல ஒருத்தன் தினமும் இவ டப்பாவைப் பிடுங்கித் திங்கறான் மாஸ்டர். நேத்தும் தின்னுட்டான். வர்ற திங்கக்கிழமைலேருந்து பள்ளிக்கூடமே போகமாட்டேன்னு உக்காந்துட்டா. ஆறு மாசமா என்னதான் சொல்லிக் கொடுத்தீங்க?"

மாஸ்டர் சிறுமியின் பக்கம் திரும்பினார். "அவன் கை வச்சதும் நீ என்ன பண்ணினே?"

"வணக்கம் வச்சேன் மாஸ்டர். எதிராளிக்கு முதல்ல வணக்கம் வைக்கணும்னு சொன்னீங்கல்ல?"

"சபாஷ்!"

"என்ன சபாஷ்? குனிஞ்ச தலைக்குப் பக்கத்துலேருந்து டப்பா போயிடுச்சு!" என்றாள் அம்மா.

"இல்லம்மா. அவனும் திருப்பி வணக்கம் வச்சான். அப்புறம்தான் எடுத்தான்."

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? ஒழுக்கம்! அப்ப நீ ஏம்மா தடுக்கல?"

"அவன் பச்சை பெல்ட், நான் வெள்ளை. பெரிய பெல்ட் தொடங்கற வரைக்கும் சின்ன பெல்ட் அசையக் கூடாதுல்ல? நின்னுக்கிட்டே இருந்தேன். அவன் சாப்பிட்டு முடிச்சு, மறுபடி வணக்கம் வச்சுட்டு டப்பாவைக் கொடுத்துட்டான்."

அம்மாவுக்குக் கண் முன்னால் பூச்சி பறந்தது. "பச்சை பெல்ட்டா? அவன் எங்க கத்துக்கறான்?"

மாஸ்டர் திடீரென்று பெல்ட் முடிச்சில் மும்முரமானார். "செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு நிறைய பேர் வர்றாங்க... போன வருஷம் ஒரு பையன் அடி வாங்கி அழுதுகிட்டு வந்தான். தன்னம்பிக்கை சுத்தமா கிடையாது. இப்ப நல்லா வந்துருச்சு."

"நல்லாவே வந்துருச்சு! யாரு அவன்? ஆளைக் காட்டுங்க, நானே அவங்க வீட்டுக்குப் போய்க் கேக்கறேன்."

மாஸ்டர் விட்டத்தைப் பார்த்தார். கராத்தேயில் அப்படியொரு நிலை இருப்பதாக அவள் கேள்விப்பட்டதில்லை. மகள்தான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் படியிறங்கினார்கள். திருப்பத்தில் மகள் நின்றாள். தலையைத் தூக்காமலே விரலை மட்டும் மேலே நீட்டினாள்.

சூரியனுக்கு முன்னால் மோவாயை உயர்த்தி நின்றான் பின் சீட்டுக்காரன்.

"ஏண்டி, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீதான் ரொம்ப ஆசையா பண்ணியிருந்தியேம்மா."

அவன் காலடியில், "இனி இவன் யாருக்கும் அஞ்சமாட்டான்" என்று சிவப்பில் அச்சாகியிருந்தது. அந்த வரியை எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.