முன்பக்கம் முடிச்சு வைத்த கவுன்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை: சாட்டின் துணியைத் தொட்டால் எனக்கு இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. எழுதிப் பார்த்தால் விட்டுப்போகும் என்றார்கள். நான்கு மாதமாக எழுதுகிறேன், விடவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் வைரமாக மின்னி—"

கிழித்துப் போட்டேன். உப்பளத்தோரம் குடியிருப்பவள் எவளும் இப்படிச் சொல்லமாட்டாள். கண் கூசும், அவ்வளவுதான். அடுத்து:

"சுலோசனா கவுனைத் தைத்து முடித்தபோது, தன் மகளை அதற்குள் வைத்தே—"

இதை முடிக்கத் தைரியம் வரவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

2

எனவே வெறும் தகவலிலிருந்து தொடங்குகிறேன்.

2006 ஜனவரி, பள்ளி ஆண்டு விழா. நாடகத்தில், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் உப்பளத்தைப் பார்வையிட வந்த ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி, கூலிக்காரப் பெண்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் விழிக்கிறாள். துரைசாணியாக எட்டாம் வகுப்பு சந்தியா. அவள் அம்மா சுலோசனாவுக்குச் சீசனில் உப்பள வேலை, மற்ற நாட்களில் வீட்டில் தையல். பழங்கால கவுன் படம் ஒன்றை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தது, நாடகம் போட்ட டீச்சர்.

துணிக்கு அலையவில்லை. சுனாமிக்குப் பிறகு லாரி லாரியாக வந்த நிவாரண மூட்டைகளில் யாரும் உடுத்த முடியாதவை ரோட்டோரம் குவிந்து கிடந்தன. அதில் கருஞ்சிவப்பு சாட்டினில் ஒரு ஜோடி ஜன்னல் திரை. அந்த நீளத்துக்கு எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் ஜன்னல் கிடையாது. சுலோசனா எடுத்து வைத்திருந்தாள்.

அந்தத் திரைகளிலிருந்து இவை வந்தன: விலாவை இறுக்கும் மேல்சட்டை. பழைய ஹோஸ் பைப்பை வளைத்து மூன்று அடுக்காகக் கோத்த, வாசற்படியில் பக்கவாட்டில்தான் நுழைய முடிகிற பாவாடை. பனையோலைப் பெட்டியைக் கவிழ்த்துத் துணி போர்த்திய தொப்பி. ஒரு சுருக்குப் பை. [முழங்கைவரை ஒரு ஜோடி கையுறை, ஒவ்வொன்றிலும் எட்டுக் கொக்கி.]

அடைப்புக்குறியை இப்போதைக்குக் கண்டுகொள்ளாதீர்கள்.

3

படத்தைப் பார்த்ததும் சுலோசனா கேட்டாள்:

"இது இன்னா டீச்சர், முதுகுல கட்டியிருக்காங்க?"

"அந்தக் காலத்துல அப்படித்தாங்க. வேலைக்காரி வந்து கட்டிவுடுவா. அவளே வந்து அவுத்தும் வுடுவா."

"வேலைக்காரி ஓடிட்டான்னா?"

டீச்சர் சிரித்தாள். சுலோசனா சிரிக்கவில்லை.

(இடையில் ஒன்று. 2004 டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை சுலோசனாவின் தங்கை வசந்தா மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தாள். தண்ணீர் துரத்தி வர ஓடியவளின் சேலை சீமைக்கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டது. உருவிப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். "மானம் பாத்தா டீச்சர். நின்னுட்டா." இதற்கு மேல் சுலோசனா சொன்னதில்லை, நானும் எழுதப்போவதில்லை.)

"எம்பொண்ணு தண்ணிக்குள்ள நின்னுக்கினு முதுகுல கையவுட்டுத் தேடணுமா? நான் முன்னாலதான் வைப்பேன்."

அப்படித்தான் முடிச்சு முன்பக்கம் வந்தது. மேல்சட்டை, பாவாடை இரண்டையும் ஒரே சாட்டின் நாடா பிடித்திருந்தது. இடுப்பில் ஓர் உருவு முடிச்சு. சரியான முனையை இழுத்தால் கவுன் மொத்தமும் காலடியில் விழும். உள்ளே சுடிதார்.

"வெக்கப்படாம போட்டுட்டு ஓடணும். புரியுதா?"

தினமும் சாயங்காலம் ஒத்திகை நடந்தது. அம்மா "தண்ணி வருது!" என்று கத்துவாள். மகள் நாடாவை இழுப்பாள். முதல் நாள் ஒன்பது எண்ணவேண்டியிருந்தது. வாரக் கடைசியில் மூன்று.

"யம்மா, வசனத்த ஒரு தடவகூட சொல்லிப் பாக்கல. இதையே பண்ணிக்கினு இருக்கோம்."

"வசனம் மறந்தா ஒண்ணும் ஆவாது."

4

இந்த டீச்சர்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் பிரதியில் ஊர் புரியாத பட்டணத்துக்காரியாக எழுதினேன். இரண்டாவதில் தங்கமான மனசுக்காரி ஆனாள். இரண்டும் பொய். டீச்சர் நான்தான்.

விழாவுக்கு முந்தின நாள் கவுனைப் பார்க்கப் போயிருந்தேன். சந்தியா போட்டுக்காட்டினாள். அசந்துபோனேன். ஆனாலும் ஏதாவது குறை சொல்லாவிட்டால் டீச்சருக்கு அழகில்லையே. அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்: "துரைசாணி கை இப்பிடியா கருத்துக் கெடக்கும்? க்ளவுஸ் இருந்தா நல்லாருக்கும்."

சந்தியா கையை இழுத்துக்கொண்டாள். சுலோசனா மிச்சத் துணியை எடுத்தாள். மறுநாள் மத்தியானம் கடைசிக் கொக்கியைத் தைக்கும்போது மேடையில் மைக் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. கையுறையோடு ஒத்திகை பார்க்க நேரம் இருக்கவில்லை.

சாட்டின் விரலால் சாட்டின் முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். நான் பிறகு பார்த்தேன். வழுக்கும். முனை தெரியாது. தப்பான முனையை இழுத்தால் இறுகிவிடும்.

5

மாலை நாலு மணி. இரண்டாம் காட்சி. சந்தியா மேடை நடுவில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றாள். ரோட்டில் ஒரு பைக். "தண்ணி வருது! ஓடுங்க! ஓடுங்க!"

சுனாமிக்குப் பிந்தைய அந்த ஒரு வருஷத்தில் இப்படிப் பேச்சு நாலைந்து தடவை கிளம்பி, எல்லாம் புரளியாகப் போயிருந்தது. அது அந்த நிமிஷம் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. நாற்காலிகள் சரிந்தன. பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு சனம் மேற்கே, பெருமுக்கல் பக்கம் ஓடியது. அங்கேதான் மலை இருக்கிறது.

சந்தியாவின் கை இடுப்புக்குப் போனது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

6

இங்கிருந்து மூன்று விதமாக எழுதிவைத்திருக்கிறேன்.

(அ) பல்லால் கையுறையைக் கிழித்துக்கொண்டு சந்தியா—

(ஆ) கூட்டத்துக்கு எதிராக சுலோசனா மேடைக்கு—

(இ) யாரும் வரவில்லை. சந்தியா கவுனுக்குள்ளேயே—

எது சரி என்று தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. வசனத் தாளோடு மேடை ஓரத்தில், அவளுக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். அந்த முடிச்சு எப்படி அவிழும் என்று தெரிந்த மூன்றாவது ஆள் நான். எனக்கு நினைவு வரும்போது ரோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். காலில் செருப்பு இல்லை. கையில் வசனத் தாள் இருந்தது.

7

தண்ணீர் வரவில்லை.

அரைமணி நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. திரும்பி வந்தேன். சந்தியா மேடையில் அதே இடத்தில் நின்றிருந்தாள். கையுறையின் விரல் நுனிகள் எச்சிலில் நனைந்து நைந்திருந்தன. சுலோசனா மண்டிபோட்டு, தையல் கத்தரியால் கவுனை வெட்டிக்கொண்டிருந்தாள். நாடாவை வெட்டி முடித்திருந்தாள், கவுன் கீழே விழுந்திருந்தது. அப்புறமும் பாவாடையை, ஹோஸ் பைப் வளையத்தை, சுருக்குப் பையை, ஒன்று விடாமல் வெட்டினாள்.

நிமிராமலே கேட்டாள்:

"நீங்க பக்கத்துலதான டீச்சர் நின்னுக்கினு இருந்தீங்க?"

இதற்கு ஐந்து பதில் எழுதினேன். ஐந்திலும் நான் சின்னப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தன.

இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டாம் பகுதிக்குப் போய் அந்த அடைப்புக்குறியை அடித்துவிடலாம். அதற்காகத்தான் அதைத் தனியாக வைத்தேன். நேற்று அடித்தும் பார்த்தேன். கையுறை போனது. மூன்று எண்ணுவதற்குள் கவுன் விழுந்தது. சந்தியா குதித்து ஓடினாள். ரோட்டைத் தாண்டினாள். அங்கே, தனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் என் முதுகைப் பார்த்தாள்.

கையுறையை மறுபடி எழுதிச் சேர்த்துவிட்டேன்.

பதில் ஆறாவது தடவையாகப் பாதியில் நிற்கிறது. மீதியை நீங்கள் எழுதுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எழுதவேண்டாம். கத்தரி இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறது, சந்தியா என்னையே பார்க்கிறாள்.

"ஆமாங்க. பக்கத்துலதான் நின்னேன். நான்—