பெலேம் கோபுரத்தில் பச்சை விளக்கு

லிஸ்பனிலேயே பிறந்து, வளர்ந்து, கிழவியும் ஆகிவிட்ட நான் பெலேம் கோபுரத்துக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. வெளியூர்க்காரர்கள் அங்கே வெயிலில் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தால், பாவம், வேலையற்ற ஜனங்கள் என்று நினைத்துக்கொள்வேன். போன ஞாயிற்றுக்கிழமை அதே வரிசையில் நானே நின்றேன். அதுவும் குதிகால் உயர்ந்த செருப்போடு.

காரணம் பெலார்மினு. என்னைப் போலவே துணையை இழந்தவர். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் என்னோடு காப்பி குடிப்பார். அவரிடம் என் வயது அறுபது என்று கூசாமல் சொல்லி வைத்திருந்தேன். அதில் எட்டு வருஷத்தை விழுங்கியிருந்தேன். முதல் தடவையாக வெளியே கூப்பிட்டிருக்கிறார், இன்னொரு தடவையும் கூப்பிட வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை.

கிளம்பும்போதே கீழ்வீட்டு சுல்மிரா ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, இந்தச் செருப்போடயா பெலேமுக்கு? நம்ம ஊரு நடைபாதைக் கல்லுல பூனையே வழுக்கி விழும்!"

"நீ போய் அடுப்புல மத்தி கருகாமப் பாரு."

பெலார்மினுவோடு ட்ராமை விட்டு இறங்கி ஆற்றங்கரைக்குப் போவதற்குள் குதி இரண்டு தடவை கல்லிடுக்கில் மாட்டியது. இரண்டு தடவையும் "ஆஹா, தேஜு நதி!" என்று நின்று ரசித்தேன். தினமும் பார்க்கிற ஆறு. அவரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அதிகமாகவே ரசித்தார்.

கோபுரத்துக்குள் சுழல் படிக்கட்டு. அகலம் ஓர் ஆளுக்குத்தான். பச்சை விளக்கு எரிந்தால் ஏற வேண்டும், சிவப்பு எரிந்தால் மேலிருப்பவர்கள் இறங்குவதற்காகக் காத்திருக்க வேண்டும். "நீங்க முன்னால போங்க, தோனா எர்மெலிந்தா" என்றவர், பின்னால் வந்த ஒரு குடும்பத்துக்கும் வழிவிட்டார். என்ன பெருந்தன்மை என்று உருகிப்போனேன்.

பாதி ஏறியதும் முட்டி மடங்க மறுத்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்தேன். அதற்குள் விளக்கு மாறி, மேலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வந்தது. கீழே ஒரு கூட்டம், மேலே ஒரு கூட்டம், நடுவில் அடைப்பாக நான்.

"யாரு அங்க வழிய மறிக்கிறது?" என்று காவலாளி கீழிருந்து கத்தினான். "ஏறுங்க, இல்ல இறங்குங்க!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏற முடிஞ்சா ஏறமாட்டேனா? எனக்கு அறுபத்தெட்டு வயசுய்யா!"

கல் சுவர் அதை வாங்கி மாடி மாடியாக ஒலிபரப்பியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

கீழ் வளைவிலிருந்து மூச்சிரைக்க ஒரு குரல் வந்தது.

"எனக்கு எழுபத்தஞ்சு! நானும் இங்கயே உக்காந்துட்டேன்!"

என்னிடம் அறுபத்தைந்து என்று சொல்லியிருந்த மனுஷன்!

படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. எல்லாரும் பின்வாங்கி வழிவிட, இருவரும் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினோம். வெளியே வந்ததும் என் செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். வெறுங்காலோடு அவர் தோளைப் பிடித்து நின்றபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

"அடுத்த ஞாயிறு படியே இல்லாத இடமாப் போவோம்" என்றார். "உங்க வீட்டுலயே காப்பி குடிப்போமா?"

"நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது."

அவர் விரல்விட்டு மாடிகளை எண்ணிப் பார்த்தார்.

"பரவால்ல. சனிக்கிழமையே ஏற ஆரம்பிச்சிடறேன்."